செயின்சாவுக்கு எத்தனை அங்குல பார் வேண்டும்?

“22 இன்ச் மெஷின் வாங்கியிருக்கேன்” என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் உடனே “அப்போ பெரிய மெஷின்தான்” என்று தலையாட்டுவார். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஓய்ந்த வாரத்திலிருந்து இந்தப் பேச்சை நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கமெல்லாம் தென்னந்தோப்புகள் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன. அதுவரை கோடாலியும் ரம்பமும் போதும் என்று இருந்தவர்கள் எல்லாரும் மரம் அறுக்கும் மெஷின் தேடி அலைந்தோம். கடையில் கேட்ட முதல் கேள்வியே “எத்தனை இன்ச்?” என்பதுதான். எத்தனை சிசி என்றோ, என்ன மரம் வெட்டப் போகிறீர்கள் என்றோ யாரும் கேட்கவில்லை. நானும் பெரிய எண்ணாகப் பார்த்து 22 அங்குல பார், அதாவது செயின் சுற்றி ஓடும் நீட்டுப் பட்டை, போட்ட மெஷினை வாங்கி வந்தேன். அது தப்பான தேர்வு என்று புரிய எனக்கு ஒரு வருஷம் ஆனது, அதற்குள் இரண்டு செயினும் ஒரு கிளட்சும் போயிருந்தன.

மெஷினை பார் நீளத்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. வண்டியின் நீளத்தை வைத்து மாட்டின் பலத்தைச் சொல்வது போன்ற வேலை இது. ஒரே இன்ஜினில் 16 மாட்டலாம், 18 மாட்டலாம், சிலவற்றில் 20-ம் மாட்டலாம், ஆனால் எதை மாட்டினாலும் இன்ஜின் அதேதான். நீளத்தால் என்ன கூடுகிறது, என்ன குறைகிறது என்று தெரிந்துகொண்டால் கடைக்காரரிடம் சரியான கேள்வியை நீங்களே கேட்கலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பார் எதையும் வெட்டுவதில்லை

பலர் பாரை “பிளேடு” என்கிறார்கள். பிளேடு என்று சொன்னதும் நீளமான கத்தி நன்றாக வெட்டும் என்ற எண்ணம் கூடவே வந்துவிடுகிறது. உண்மையில் பார் ஒரு பாதை, அவ்வளவுதான். ரயிலுக்குத் தண்டவாளம் எப்படியோ அப்படி. தட்டையான எஃகுப் பட்டை. அதன் ஓரம் முழுக்க ஒரு மெல்லிய பள்ளம் ஓடும், அந்தப் பள்ளத்துக்குள் செயின் சறுக்கிக்கொண்டு சுற்றி வரும். மெஷினுக்குள் இருக்கும் பல்சக்கரம், அதாவது ஸ்ப்ராக்கெட், செயினை இழுக்கும். பாரின் நுனியை மூக்கு என்போம். பெரும்பாலான பார்களில் அந்த மூக்கிலும் ஒரு சின்ன சக்கரம் இருக்கும், செயின் அங்கே திரும்பும்போது உரசல் குறைவதற்காக.

வெட்டுவது செயினில் இருக்கும் பற்கள். அவை கத்தி மாதிரி அறுப்பதும் இல்லை. தச்சர் கையில் இருக்கும் இழைப்புளியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்பலகை மரத்தின் மேல் படிந்து நகரும், உளி கொஞ்சமே வெளியே நீட்டிக்கொண்டு ஒரு சீவலை எடுக்கும். செயினின் ஒவ்வொரு பல்லும் அப்படி ஒரு குட்டி இழைப்புளி. பல்லுக்கு முன்னால் இருக்கும் சின்ன மேடு அடிப்பலகையின் வேலையைச் செய்கிறது, எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று அதுதான் தீர்மானிக்கிறது. பின்னால் வரும் கூரான முனை சீவி எடுக்கிறது. செயின் கூராக இருந்தால் சீவல் சீவலாக வந்து விழுவதும், மழுங்கிவிட்டால் மாவு மாதிரி தூள் கொட்டுவதும் இதனால்தான்.

இவ்வளவும் எதற்கு என்றால், வெட்டும் சக்தி மூன்று இடத்திலிருந்துதான் வருகிறது: இன்ஜின், கூரான பல், பல்லைச் சூடேறாமல் காக்கும் ஆயில். பார் நீளம் அந்த மூன்றில் இல்லை. எவ்வளவு அகலமான கட்டைக்குள் பல் போய்ச் சேர முடியும் என்பதை மட்டும்தான் அது சொல்கிறது.

“16 அங்குலம்” என்றால் எங்கிருந்து எங்கே?

இதில் நான் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன். அண்ணன் வீட்டு மெஷினுக்குப் புது பார் வாங்குவதற்காக, பழைய பாரைக் கழற்றித் திண்ணையில் வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை டேப் பிடித்து அளந்தேன். ஏறக்குறைய 20 அங்குலம் வந்தது. டவுனுக்குப் போய் 20 அங்குல பார் கேட்டு வாங்கி வந்தேன். மாட்டிப் பார்த்தால் இருந்த செயின் அதில் ஏறவே இல்லை. கழற்றி அளந்ததுதான் தப்பு.

பாரின் பின்பக்கத்தில் கொஞ்ச தூரம் மெஷினுக்குள்ளே போய், போல்ட்டில் மாட்டி, மூடிக்குள் மறைந்துவிடும். அந்தப் பகுதி வெட்டுவதற்கு உதவாது. அதனால் பார் நீளம் என்று கடையில் சொல்வது வெட்டும் நீளத்தைத்தான்: பார் மெஷினில் மாட்டியிருக்கும்போது, மெஷின் உடம்பின் முன்பக்கத்திலிருந்து மூக்கின் நுனி வரை உள்ள தூரம். அளந்தால் பெரும்பாலும் முழு எண்ணாக வராது. 15½ வந்தால் அது 16 அங்குல பார், 17¼ வந்தால் 18. பொதுவாக அடுத்த இரட்டைப்படை எண்ணுக்கு ஏற்றிச் சொல்வார்கள்.

அளக்கும்போது இன்ஜின் அணைந்திருக்கட்டும், ஸ்பார்க் பிளக்கின் ஒயரையும் கழற்றி வைத்துவிடுங்கள். சும்மா அளக்கத்தானே என்று அசட்டையாக இருக்கக்கூடிய பொருள் இல்லை இது.

நீளம் கூடினால் இன்ஜினுக்கு என்ன ஆகிறது?

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். ஐந்து கொழுக் கலப்பையைச் சுலபமாக இழுத்துப் போகும் சின்ன டிராக்டரில் ஒன்பது கொழுக் கலப்பையை மாட்டுங்கள். ரோட்டில் தூக்கிக்கொண்டு போகும்போது ஒன்றும் தெரியாது, வண்டி ஜம்மென்று போகும். வயலில் இறக்கி எல்லாக் கொழுவும் மண்ணுக்குள் போனதும்தான் இன்ஜின் முக்க ஆரம்பிக்கும். கலப்பையின் அகலம் அதற்குப் பாரமாக இல்லை, மண்ணுக்குள் இறங்கிய ஒவ்வொரு கொழுவும்தான் பாரம்.

செயினிலும் கணக்கு இதுதான். மரத்துக்குள் ஒரே நேரத்தில் எத்தனை பல் சீவிக்கொண்டிருக்கிறது என்பதுதான் இன்ஜின் மேல் விழும் சுமை. என் மெஷினில் இருந்த செயினில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவே சுமார் 33 மில்லிமீட்டர். அப்படியானால் நான்கு அங்குலச் சவுக்குக் கழியை வெட்டும்போது மூன்று பல்தான் மரத்துக்குள் இருக்கும். பன்னிரண்டு அங்குலத் தென்னையின் நடுப்பகுதிக்கு வரும்போது ஒன்பது பல். இருபது அங்குல வேப்பமரத்தின் அடியில் பதினைந்து பல். மூன்று பேர் இழுத்த கயிற்றைப் பதினைந்து பேர் எதிர்ப்பக்கம் பிடித்து இழுப்பது போல. இன்ஜின் மட்டும் அதே இன்ஜின்.

இந்தக் கணக்கை இன்னொரு பக்கமாகத் திருப்பிப் பாருங்கள், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் தவறவிடுவது அதைத்தான். 22 அங்குல பார் போட்டு நான்கு அங்குலக் கழியை வெட்டினாலும் மரத்துக்குள் மூன்று பல்தான். 14 அங்குல பார் போட்டாலும் மூன்று பல்தான். எனவே சின்னக் கட்டையில் நீளமான பார் இன்ஜினைப் பெரிதாகத் திணறடிக்காது. கடையில் ஒரு கம்பை எடுத்து வெட்டிக் காட்டுவார்கள், வெண்ணெய் மாதிரி போகும், நாமும் நம்பி வாங்கி வந்துவிடுவோம். பாரின் முழு நீளமும் மரத்துக்குள் புதையும் நாளில்தான் இன்ஜின் போதவில்லை என்பது தெரியவரும்.

அன்று என்ன நடக்கும்? இன்ஜின் வேகம் இறங்கும். நாம் இன்னும் அழுத்துவோம். இன்ஜினுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே ஒரு கிளட்ச் இருக்கிறது, வேகம் ஏறும்போது தானாக விரிந்து பிடிக்கும், வேகம் இறங்கினால் விட்டுவிடும் வகை. இறங்கிய வேகத்தில் அது முழுதாகப் பிடிக்காமல் உரசிக்கொண்டே சுற்றும், சூடேறும். செயினும் மரத்தைச் சீவாமல் உரசும். தென்னையின் தூரை வெட்ட உட்கார்ந்து, புகை வந்த பிறகும் நான் விடாமல் அழுத்திக்கொண்டிருந்தேன். பிறகு மூடியைத் திறந்து பார்த்தால் கிளட்சின் உருளை நீலம் பாரித்திருந்தது. எஃகு அந்த அளவுக்குச் சூடேறினால்தான் அப்படி நிறம் மாறும்.

ஆயிலுக்கும் இதில் பங்கு உண்டு. மெஷினுக்குள் இருக்கும் சின்ன பம்ப் பாரின் பள்ளத்துக்குள் ஆயிலை விடுகிறது, செயின் அதை மூக்கு வரை சுமந்துகொண்டு போகிறது. சின்ன மெஷினின் பம்ப் சின்ன பாருக்காகச் செய்தது. நீளமான பாரை மாட்டினால் நுனிக்குப் போதிய ஆயில் சேராது. சோதிப்பதற்கு நல்ல வழி இருக்கிறது: காய்ந்த அட்டையையோ சிமெண்ட் பையையோ தரையில் விரித்து, பாரின் மூக்கை அதற்குமேல் ஒரு சாண் உயரத்தில் காட்டி, எதையும் தொடாமல் சில நொடி வேகமாக ஓடவிடுங்கள். அட்டையில் மெல்லிய ஆயில் கோடு விழ வேண்டும். விழவில்லை என்றால் ஆயில் துளை அடைத்திருக்கிறது, இல்லையென்றால் அந்த பம்புக்கு அந்த பார் அதிகம்.

சுருக்கமாகச் சொன்னால், இன்ஜினின் சுமை மரத்துக்குள் இருக்கும் பல்லின் எண்ணிக்கையைப் பொறுத்தது. நீளமான பார் அந்த எண்ணிக்கை எவ்வளவு தூரம் ஏறலாம் என்ற கதவைத் திறந்து வைக்கிறது. அந்தக் கதவு வழியாக உங்கள் இன்ஜினால் போக முடியுமா என்பது தனிக் கேள்வி.

எந்த சிசிக்கு எவ்வளவு?

சிசி என்பது இன்ஜினின் சிலிண்டருக்குள் இருக்கும் இடத்தின் அளவு, மோட்டார் சைக்கிளில் சொல்கிறோமே அதேதான். 30 முதல் 35 சிசி உள்ள சின்ன மெஷின்களுக்கு 12, 14 அங்குலம் பொருத்தம், 16 என்பது அவற்றின் மேல் எல்லை. 40 முதல் 45 சிசிக்கு 16, தேவைப்பட்டால் 18. 50-க்கு மேல் 60 வரை 18, 20. 70 சிசி பக்கம் வந்தால் 20-லிருந்து 25 அங்குலம் வரை நிம்மதியாக இழுக்கும். 90 சிசி மெஷின்கள் 30 அங்குலத்தையும் தாண்டும், அவை மர வியாபாரிகளின் கருவி, வீட்டுக்கும் தோப்புக்கும் தேவையில்லை. உதாரணத்துக்கு, நம் ஊரில் பரவலாகப் பார்க்கும் ஸ்டில் கம்பெனியின் எம்எஸ் 170 வெறும் 30.1 சிசி. அதற்கு 14 அங்குலம் அழகாகப் பொருந்தும். எம்எஸ் 250 என்பது 45.4 சிசி, அது 16 அல்லது 18 அங்குல பாரோடு வேலை செய்யும்.

மெஷினோடு வரும் கையேட்டில் “இத்தனை அங்குலத்திலிருந்து இத்தனை அங்குலம் வரை” என்று போட்டிருப்பார்கள். அதில் மேல் எண்ணைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். புதுச் செயின், பச்சை மரம், பழகிய கை எல்லாம் கூடி வந்தால்தான் அந்த எண் செல்லும். நம் ஊர் மரங்களில் பாதிக்கு மேல் வைரம் பாய்ந்தவை, வெட்டுவதும் பெரும்பாலும் காய்ந்த பிறகுதான். நடு எண்ணோ அதற்குக் கீழோ எடுத்துக்கொள்வது நல்லது என்பது என் அபிப்பிராயம். பேட்டரி மெஷின்களுக்கு சிசி கிடையாது, அவற்றில் கம்பெனி போட்டுத் தரும் பாரையே வைத்துக்கொள்ளுங்கள்.

மலிவு மெஷின்களில் 58 சிசி, 22 அங்குலம் என்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். மேலே சொன்ன கணக்கில் வைத்துப் பாருங்கள், அந்த இன்ஜினுக்கு 18, மிஞ்சினால் 20. நீளமான பார் பார்ப்பவர் கண்ணைக் கவரும் என்பதற்காகவே அப்படிச் சேர்த்து விற்கிறார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். அந்த மெஷினை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் தூக்கிப் போட வேண்டாம், 18 அங்குல பாரும் அதற்கேற்ற செயினும் வாங்கி மாட்டுங்கள். வேறு மெஷின் மாதிரி நடந்துகொள்ளும்.

உங்கள் மரத்தை எப்படி அளப்பது?

நிற்கும் மரத்தின் விட்டத்தை, அதாவது குறுக்கு அகலத்தை, டேப் வைத்து அளக்க முடியாது. ஆனால் சுற்றளவை அளக்கலாம். மர வியாபாரிகள் காலம் காலமாக அதைத்தான் செய்கிறார்கள். ஒரு கயிற்றை எடுத்து, வெட்டப் போகும் இடத்தில் மரத்தைச் சுற்றிப் பிடியுங்கள். சுற்று முடியும் இடத்தில் முடிச்சுப் போடுங்கள். அந்த நீளத்தை மூன்றாக மடியுங்கள். மடித்த கயிற்றின் நீளம்தான் விட்டம். சரியான கணக்குப்படி 3.14-ஆல் வகுக்க வேண்டும், மூன்றால் வகுத்தால் விடை கொஞ்சம் கூடுதலாக வரும். அது நல்லதுதான், மரப்பட்டையும் கணுவும் அந்தக் கூடுதலைச் சாப்பிட்டுவிடும். 36 அங்குலச் சுற்று என்றால் மடித்தால் 12, உண்மையில் சுமார் 11½.

அந்த விட்டத்தோடு இரண்டு அங்குலம் கூட்டுங்கள். வெட்டும்போது மூக்கு மறுபக்கம் கொஞ்சம் வெளியே தெரிய வேண்டும், மெஷினின் முன்னால் மரத்தில் ஊன்றுவதற்காக இருக்கும் இரும்பு முட்களுக்கும் கொஞ்சம் இடம் போகும், அதற்குத்தான் இந்த இரண்டு. பன்னிரண்டு அங்குலத் தென்னைக்கு 14 போதும், 16 என்றால் தாராளம்.

எந்த மரத்துக்கு அளக்க வேண்டும் என்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. எல்லோரும் தோட்டத்திலேயே பெரிய மரத்தை மனசில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போகிறோம். கிணற்றடிப் புளியமரம் மூன்றடி விட்டம் இருக்கும், அதை வெட்டும் நாள் வாழ்க்கையில் ஒரு முறை வரலாம், வராமலும் போகலாம். வருஷம் முழுக்க வெட்டப் போவது வரப்பில் முளைக்கும் சீமைக் கருவேலம், காய்ந்த வேப்பங்கிளை, பட்டுப்போன தென்னை, வேலிக்கு வேண்டிய சவுக்கு. ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் கரிமூட்டத்துக்குச் சீமைக் கருவேலம் வெட்டுபவர்களைப் பாருங்கள், அவர்கள் வெட்டும் கொம்புகளில் பெரும்பகுதி ஒரு சாண் விட்டத்தைத் தாண்டாது. கோணல் மாணலாக, முள்ளும் கிளையுமாக இருக்கும் அந்தப் புதருக்குள் நீளமான பாரை நுழைக்கவே இடமிருக்காது. புளியமரத்துக்குப் பெரிய மெஷின் வைத்திருக்கும் ஆளைக் கூப்பிட்டுக் கூலி கொடுப்பது மேல்.

பனையும் தென்னையும் தனி ரகம். மற்ற மரங்களில் வைரம் நடுவில் இருக்கும், இவற்றில் வெளிப்பக்கம் கெட்டி, உள்ளே சோறு. விட்டத்தைப் பார்த்தால் சின்னதாக இருக்கும், ஆனால் பல்லைச் சீக்கிரம் மழுக்கிவிடும். இங்கே தேவைப்படுவது நீளம் அல்ல, அடிக்கடி அரம் போடுவது. ஒரு தென்னையைத் துண்டு போட்டு முடித்ததும் செயினைப் பார்ப்பது என்று பழக்கிக்கொள்ளுங்கள். சொல்லப் போனால் நீளமான செயினில் இந்த வேலையும் நீளம்: என் 22 அங்குல செயினில் 43 பல், அதே வகையில் 16 அங்குலத்துக்கு மாறியபோது 33 பல். பத்துப் பல்லுக்கு அரம் போடும் நேரம் ஒவ்வொரு முறையும் மிச்சம்.

பாரை விடப் பெரிய மரத்தை வெட்டவே முடியாதா என்றால், முடியும். ஒரு பக்கம் பாதி, மறுபக்கம் பாதி என்று வெட்டினால் பார் நீளத்தின் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவான கட்டை வரை அறுக்கலாம். தரையில் நிலையாகக் கிடக்கும் கட்டையில் இதைப் பழகலாம். நிற்கும் மரத்தை அப்படிச் சாய்ப்பது வேறு வித்தை, தெரிந்தவரிடம் கற்றுக்கொள்ளாமல் இறங்காதீர்கள்.

மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பத்து அங்குலம்

கஜாவுக்குப் பிறகு எங்கள் தோப்பில் நடந்ததைச் சொன்னால் இது புரியும். மரங்கள் மணலில் படுத்துக் கிடந்தன, ஒன்றின் மேல் ஒன்றாக. பன்னிரண்டு அங்குலத் தென்னையை 22 அங்குல பாரால் வெட்டினால் மறுபக்கம் பத்து அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கட்டைக்கு இந்தப் பக்கம் நிற்கிற எனக்கு அது தெரியாது. மேலிருந்து கீழே அறுத்து வரும்போது, கட்டை அறுந்து முடிவதற்கு முன்பே அந்த மூக்கு மணலுக்குள் இறங்கிவிடும். மணல் பட்ட செயின் அரை நிமிடத்தில் மழுங்கிவிடும். நாளுக்கு நாலு தடவை அரம் போட்டேன், செயின்தான் மட்டம் என்று திட்டினேன்.

மூன்றாவது நாள் கூலிக்கு வந்த ஒருவர் 18 அங்குல பார் போட்ட பழைய மெஷினோடு வந்தார். கொஞ்ச நேரம் நான் வெட்டுவதைப் பார்த்துவிட்டு, “அண்ணே, மெஷின நிறுத்திட்டு அந்தப் பக்கம் போய்ப் பாருங்க” என்றார். போய்ப் பார்த்தேன். மணலில் கத்தியால் கீறியது மாதிரி வரிசையாகக் கோடுகள், ஒவ்வொரு துண்டுக்கும் ஒன்று. “பாரு நீளமா இருந்தா வெட்டும்னு நெனைக்கிறீங்க. அது மண்ணத்தாண்ணே வெட்டுது” என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு துண்டையும் அறுப்பதற்கு முன்னால் கட்டைக்கு அடியில் ஒரு மட்டையை முட்டுக் கொடுத்துத் தூக்கி வைத்தோம்.

மணலாவது செயினோடு போயிற்று. அந்த மூக்கு பக்கத்தில் கிடக்கும் இன்னொரு மரத்தில் இடித்திருந்தால் அது ஆளையே பதம் பார்த்திருக்கும். இதற்குக் கிக்பேக் என்று பெயர், நம் பேச்சில் உதைப்பு என்று சொல்லலாம். செயின் பாரின் மேல்பக்கமாக முன்னோக்கி ஓடி, மூக்கில் வளைந்து, கீழ்ப்பக்கமாகத் திரும்பி வருகிறது. மூக்கின் மேல் கால்பகுதி, கடிகார முகத்தில் 12-க்கும் 3-க்கும் நடுவே இருக்கும் பகுதி, எதிலாவது முட்டினால் பல் அங்கே மாட்டி நின்றுவிடும். ஆனால் இன்ஜின் நிற்காது. செயின் நொடிக்கு 20 மீட்டர் அளவுக்கு ஓடிக்கொண்டிருக்கும், அந்த வேகம் முழுக்கப் பாரையே மேல்நோக்கியும் பின்நோக்கியும் தூக்கி எறியும், அதாவது பிடித்திருப்பவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி. கண் இமைப்பதற்குள் நடந்து முடிந்துவிடும். முன்கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் தடுப்பு, செயினை நிறுத்தும் பிரேக், அதற்காக வைத்ததுதான். அதைக் கழற்றிவிட்டு வேலை செய்பவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது.

குட்டை பாரிலும் உதைப்பு வரும், அதை மறந்துவிடக் கூடாது. வித்தியாசம் என்னவென்றால், மூக்கு எங்கே இருக்கிறது என்று குட்டை பாரில் உங்களுக்குத் தெரியும். கட்டையைத் தாண்டி இரண்டு அங்குலம் நீட்டினால் கண்ணில் படும். பத்து அங்குலம் நீட்டினால் அது இலைக்குள்ளும் மணலுக்குள்ளும் கிடக்கும்.

நீளத்தின் எடையும் இப்படித்தான் மறைந்து வரும். நான்கு அங்குலம் கூடினால் பாரும் செயினும் சேர்ந்து சில நூறு கிராம்தான் கூடும், ஆனால் அந்த எடை கைக்கு அருகில் இல்லை, நுனியில் இருக்கிறது. ஒரு சொம்புத் தண்ணீரை இடுப்பில் வைத்திருப்பதற்கும் கையை நீட்டிப் பிடித்திருப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. காலையில் தெரியாது, மதியத்துக்கு மேல் மணிக்கட்டு சொல்லும். அசந்த கையோடு வெட்டும் நேரத்தில்தான் மூக்கும் எங்காவது இடிக்கும்.

நீளம் மட்டும் சொன்னால் செயின் கிடைக்காது

சரி, 16 அங்குலம் என்று முடிவு செய்துவிட்டீர்கள். கடையில் போய் “16 இன்ச் செயின் கொடுங்க” என்றால் தப்பானது கைக்கு வர நிறைய வாய்ப்பு இருக்கிறது. வண்டிக்கு டயர் வாங்கப் போய் உயரம் மட்டும் சொல்வது போல அது. இன்னும் மூன்று எண் வேண்டும்.

முதலாவது பிட்ச். செயினின் கண்ணிகளைச் சேர்க்கும் ரிவிட்டுகளில் அடுத்தடுத்த மூன்றை எடுத்து, முதலாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் வருவது பிட்ச். சின்ன, நடுத்தர மெஷின்களில் 3/8 அங்குலம் அல்லது 0.325 அங்குலம் இருக்கும். இது ஸ்ப்ராக்கெட்டின் பல்லோடு பொருந்தியே ஆக வேண்டும். பொருந்தாவிட்டால் செயின் துள்ளும், தேயும்.

இரண்டாவது கேஜ். பாரின் பள்ளத்துக்குள் இறங்கி ஓடும் கண்ணிக்கு டிரைவ் லிங்க் என்று பெயர். அதன் தடிமன்தான் கேஜ். 1.1, 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர் என்று வரும். பள்ளத்தை விடத் தடிமனானது உள்ளே போகாது. மெல்லியது போகும், ஆனால் ஆடும், வெட்டு கோணலாகப் போகும். உள்ளே போகிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள்.

மூன்றாவது, டிரைவ் லிங்க் எத்தனை இருக்கிறது என்ற எண்ணிக்கை. ஒரே 16 அங்குலம், ஒரே 0.325 பிட்ச் என்றாலும் ஒரு கம்பெனியில் 62 இருக்கும், இன்னொன்றில் 66 இருக்கும், ஏனென்றால் மெஷினுக்குள் மறையும் பகுதி கம்பெனிக்குக் கம்பெனி வேறு. 

இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பெரும்பாலான பார்களில் மெஷினுக்குள் மறையும் பின்பகுதியில் அவற்றைப் பொறித்திருப்பார்கள். ஆயிலும் தூளும் படிந்து தெரியாமல் இருக்கும், மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் தெரியும். செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேய்ந்து அழிந்திருந்தால் பழைய செயினையே கையோடு கொண்டுபோங்கள். ஒரு டிரைவ் லிங்க்கில் பேனாவால் கோடு போட்டுவிட்டு எண்ணத் தொடங்கினால் எண்ணிக்கை பிசகாது.

நீளத்தைக் குறைக்கும்போது பிட்சும் கேஜும் பழையபடியே இருந்தால் ஸ்ப்ராக்கெட்டை மாற்ற வேண்டாம், குட்டை பாரும் குட்டைச் செயினும் போதும். பாரின் பின்பகுதியில் இருக்கும் போல்ட் பள்ளமும் ஆயில் துளையும் உங்கள் மெஷினோடு ஒத்துப்போகிறதா என்று பழைய பாரைப் புது பாரின் மேல் வைத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

கடையில் நிற்கும்போது

போன மாதம் ஒரு உறவுக்காரப் பையன் கேட்டான். நாலு ஏக்கர் தென்னை, வரப்பில் வேம்பு ஏழெட்டு, ஓடைப் பக்கம் சீமைக் கருவேலம். “மாமா, 20 வாங்கவா, 22 வாங்கவா?” முதலில் கயிறு எடுத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வா என்றேன். மாலையில் வந்தான். தென்னை எல்லாம் 12-க்குள். வேம்பில் பெரியது ஒன்று 18, மற்றவை 10, 11. கருவேலம் அளக்கவே வேண்டியதில்லை என்றான். 45 சிசி பக்கம் ஒரு மெஷின், 16 அங்குல பார் என்று எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெரிய வேம்பை வெட்ட வேண்டி வந்தால் விவரம் தெரிந்த ஆளை வைத்து இரண்டு பக்கமாக வெட்டிக்கொள்ளலாம். மிச்சமான பணத்துக்கு ஒரு உபரிச் செயின், சரியான அளவு உருண்டை அரம், கண்ணாடி வைத்த ஹெல்மெட், காலுறையோடு நல்ல பூட்ஸ் வாங்கச் சொன்னேன்.

கூடவே போய்க் கடையில் ஒன்று செய்து காட்டினேன். அணைந்திருக்கும் மெஷினை, பார் மேல் உறையோடு, முன்கைப்பிடியில் மட்டும் ஒரு கையால் பிடித்துத் தூக்கினேன். பார் தரைக்கு இணையாகவோ, மூக்கு துளி கீழாகவோ நின்றால் அந்த இன்ஜினுக்கும் பாருக்கும் எடை ஒத்துப்போகிறது. 16-ஐத் தூக்கியபோது தராசு முள் மாதிரி நின்றது. கடைக்காரரிடம் கேட்டு அதே மெஷினில் 20 மாட்டித் தரச் சொன்னோம். பையன் தூக்கினான், மூக்கு மெல்ல இறங்கிக் கீழே தொங்கியது. அதை இழுத்து நிமிர்த்திப் பிடிக்க மணிக்கட்டை முறுக்கினான். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துப் பார்த்துவிட்டு இறக்கி வைத்தான்.

“பதினாறையே போடுங்கண்ணே” என்றான் கடைக்காரரிடம்.